கணக்கும் வரியும் ஒருவருக்கே: இரட்டைத் தகுதிப் பயிற்சியும் நிறுவனங்களின் பொறுப்பும்

பிரிட்டனில் யார் வேண்டுமானாலும் வாசலில் ‘வரி ஆலோசகர்’ என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். ‘கணக்காளர்’ என்றும் மாட்டிக்கொள்ளலாம். சட்டம் தடுக்காது. பட்டயக் கணக்காளர், பட்டய வரி ஆலோசகர் என்று போட்டுக்கொள்ளத்தான் அந்தந்தக் கழகத்தின் தேர்வுகளை எழுதித் தேறியிருக்க வேண்டும். இங்கிலாந்து–வேல்ஸ் பட்டயக் கணக்காளர் கழகம் 1880-இல் அரச சாசனம் பெற்றது. அது தரும் தகுதி ஏசிஏ. வரிக்கென்று தனிக் கழகம் 1930-இல் தொடங்கி, 1994-இல்தான் சாசனம் பெற்றது. அது தரும் தகுதி சிடிஏ. இரண்டும் தனித்தனி வீடுகள்; தேர்வும் பாடநூலும் உறுப்பினர் கட்டணமும் தனித்தனி.

நம் ஊரில் கணக்கை எழுதி முடித்ததும் அதே ஆடிட்டரிடமே வருமான வரிப் படிவத்துக்கும் போய் நிற்பவர்களுக்கு இந்தப் பிரிவினை விநோதமாகத் தோன்றும். ஆனால் அங்கே இது கிட்டத்தட்ட நூறாண்டுப் பழக்கம். பெரிய நிறுவனங்களில் தணிக்கைப் பிரிவுக்கு எடுக்கப்பட்டவர் ஏசிஏ படிப்பார். வரிப் பிரிவுக்கு எடுக்கப்பட்டவர் ஏசிஏ முடித்துவிட்டுச் சிடிஏ படிப்பார், அல்லது நேராகச் சிடிஏவுக்கே போவார். இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றன் பின் ஒன்றாக எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தை விட்டு வந்தவருக்கு ஐந்தாறு ஆண்டுகள் மாலை வேளையும் வார இறுதியும் அதிலேயே போய்விடும். இந்தச் சிரமத்தைக் குறைக்க இரு கழகங்களும் சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் கொண்டுவந்தன. ஒரு கழகத்தின் சில தாள்களுக்கு மற்றது விலக்குத் தருவதால் எழுத வேண்டிய தேர்வுகள் குறைகின்றன. மூன்று முதல் நான்கு ஆண்டுகளில் ஒருவர் இரண்டு தகுதிகளையும் பெறலாம்.

தேர்வுக் கணக்கைப் பொறுத்தவரை இது நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தத் திட்டத்தில் ஒரு பயிற்சி ஊழியர் தேறுவதும் தேங்குவதும் கழகங்களின் கையில் இல்லை, அவரை வேலைக்கு எடுத்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதே என் முடிவு. அந்த முடிவுக்கு வரக் காரணமானவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், இரண்டையும் ஒருவரே கற்க வேண்டுமா என்ற கேள்வி. வேண்டாம் என்பவர்களிடம் வலுவான வாதம் உண்டு. பிரதமர் பிட் 1799-இல் வருமான வரி கொண்டுவந்தபோது அது போர்க்கால ஏற்பாடு. 1965-இல் நிறுவன வரியும் மூலதன ஆதாய வரியும் தனித்தனியாக வந்தன. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 1996–97-இலிருந்து சுயமதிப்பீட்டு முறை வந்து, கணக்கிடும் பொறுப்பை வரி செலுத்துபவர் பக்கம் தள்ளியது. ஒவ்வொரு நிதிச் சட்டமும் புதிய பக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஒருவர் பரம்பரைச் சொத்து வரியையே வாழ்நாள் முழுக்கப் படிக்கலாம். அவருக்கு ஐந்தொகையைத் தொகுக்கத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று கேட்பார்கள்.

தனிநபர் வரியிலும் அறக்கட்டளைகளிலும் மட்டும் வேலை செய்பவர் விஷயத்தில் இந்த வாதத்தை ஏற்கலாம். நிறுவன வரிக்கு வந்தால் அது நிற்காது. வணிக லாபத்தை ஏற்கப்பட்ட கணக்கியல் முறைப்படி கணக்கிட வேண்டும், அதன்பின் சட்டம் கேட்கும் திருத்தங்களைச் செய்ய வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் நிறுவன வரிச் சட்டம் 46-ஆவது பிரிவில் சொல்கிறது. அதாவது வரி தொடங்குமிடமே கணக்கேடுதான். கணக்கில் ஒரு செலவு எந்த ஆண்டில் விழுகிறது என்று புரியாதவர் வரியிலும் அதைச் சரியாக வைக்க முடியாது.

1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த கேலகர் எதிர் ஜோன்ஸ் வழக்கு இதற்கு நல்ல சான்று. கால்வாய்களில் ஓடும் நீளப் படகுகளைக் குத்தகைக்கு எடுத்து வாடகைக்கு விடும் தொழில். குத்தகை ஒப்பந்தப்படி தொடக்கத்தில் பெருந்தொகை, பிறகு சில மாதங்களுக்குத் தவணை, அதன்பின் நீண்ட காலத்துக்குப் பெயரளவுக்கு ஒரு வாடகை. தொழில் நடத்தியவர்கள் கொடுத்த ஆண்டிலேயே முழுப் பணத்தையும் செலவாகக் கழித்து நஷ்டம் காட்டினார்கள். செலவு செய்தது உண்மைதானே, ஏன் கழிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. குத்தகைச் செலவைக் காலம் முழுவதும் பரப்பிக் காட்ட வேண்டும் என்று கணக்கியல் நெறி சொல்கிறது. அதை மீற வரிச் சட்டத்தில் விதி எதுவும் இல்லாதபோது கணக்கியல் நெறியே லாபத்தைத் தீர்மானிக்கும் என்றது. வரிச் சட்டத்தை மட்டும் வரி வரியாகப் படித்தவருக்கு இந்தத் தீர்ப்பின் உயிர் பிடிபடாது. குத்தகைக் கணக்கு எழுதிப் பழகியவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். பன்னாட்டுக் கணக்கியல் தரம் 12 வருமான வரிகளைப் பற்றியது. ஒத்திவைக்கப்பட்ட வரியை எப்படிக் கணக்கிட்டு ஐந்தொகையில் காட்டுவது என்று அது வகுக்கிறது. தணிக்கையில் இந்த ஒரு வரியைச் சரிபார்க்கப் பலர் தடுமாறுவார்கள். கணக்காளர் வரிக்காரரைக் கூப்பிடுவார். அவர் வந்து சொல்வது கணக்காளருக்குப் பாதிதான் விளங்கும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் அந்தப் பேச்சு சுருக்கமாக முடியும், சரியாகவும் முடியும். நிறுவனங்கள் இரட்டைத் தகுதிக்காரர்களைத் தேடுவதற்கு விளம்பரப் பெருமையைவிட இதுவே உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, படிப்பின் தன்மை. ஏசிஏ மூன்று படிகள் கொண்டது. பல ஆண்டுகள் 15 பாடங்களாக இருந்தது. 2025-இல் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தார்கள். தேர்வோடு 450 நாள் வேலை அனுபவமும் கட்டாயம். அந்த அனுபவத்தைக் கழகம் அங்கீகரித்த நிறுவனத்தில், பயிற்சி ஒப்பந்தத்தின் கீழ் பெற வேண்டும். உச்சப் படியில் வரும் நேர்வுத் தேர்வில், ஒரு கற்பனை நிறுவனத்தின் கோப்பை முன்கூட்டியே கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். தேர்வு நாளில் அந்த நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு சிக்கல் வரும். அதைப் பற்றி மேலாளருக்கு அனுப்புவதுபோல அறிக்கை எழுத வேண்டும். எண்ணும் எழுத்தும் தீர்ப்பும் சேர்ந்து வர வேண்டிய தாள் அது.

சிடிஏ வேறு இனம். அது சட்டம் படிக்கும் பழக்கத்தைக் கேட்கிறது. ஒரு விதி, அதன் விலக்கு, விலக்குக்கு ஒரு விலக்கு, அதைத் தடுக்கும் தவிர்ப்பெதிர்ப்புப் பிரிவு என்று அடுக்கடுக்காகப் போக வேண்டும். சட்டத் தொகுப்பைத் தேர்வறைக்குள் அனுமதிப்பார்கள். தெரியாதவர்கள் அதைச் சலுகை என்பார்கள். பல ஆயிரம் பக்கங்களில் வேண்டிய பிரிவு எங்கே இருக்கிறது என்று கைப்பழக்கமாக இல்லாதவருக்கு அந்தப் புத்தகம் பாரம்தான். அந்தக் கைப்பழக்கம் வகுப்பில் வராது. அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் கேள்விக்காக அதே தொகுப்பைப் புரட்டிப் புரட்டி, மேலாளர் ‘இந்தப் பிரிவைப் பார்த்தாயா?’ என்று திருப்பி அனுப்பி, மறுபடி புரட்டும்போதுதான் வரும். இந்தத் தகுதியை வகுப்பறை மட்டும் உருவாக்கிவிட முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

வேலையோடு படிப்பவருக்கு முதல் எதிரி நாள்காட்டி. சுயமதிப்பீட்டுப் படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஜனவரி 31. தனிநபர் வரிப் பிரிவில் இருப்பவருக்கு டிசம்பர் நடுவிலிருந்து மூச்சுவிட நேரம் இருக்காது. தணிக்கைப் பிரிவிலிருப்பவருக்கு டிசம்பரில் ஆண்டை முடிக்கும் நிறுவனங்களால் ஜனவரி முதல் மார்ச் வரை இதே நிலை. சிடிஏ தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பரும். ஏசிஏவின் உச்சப் படித் தேர்வுகளும் நெடுங்காலமாக ஜூலையிலும் நவம்பரிலும் நடந்துவந்தவை. இரண்டையும் எழுதுபவருக்கு நவம்பரில் இரண்டும் மோதும். எந்த அமர்வில் எதை எழுதுவது, எதற்கு எத்தனை நாள் விடுப்பு, அந்த நாட்களில் அவர் கோப்புகளை யார் பார்ப்பது என்றெல்லாம் முதல் வாரத்திலேயே எழுதி வைக்காத நிறுவனத்தில், மூன்றாம் ஆண்டில் பயிற்சி ஊழியர் கண்ணீர் விடுவார். படிப்பு விடுப்பை ஒப்பந்தத்தில் தாராளமாக எழுதிவிட்டு, நெருக்கடி வந்ததும் ‘அடுத்த அமர்வில் எழுதேன்’ என்று கேட்கும் மேலாளர் அந்தப் பிள்ளையின் ஆறு மாதத்தைப் பறித்துக்கொள்கிறார்.

அதைவிடப் பெரிய சிக்கல், என்ன வேலை கிடைக்கிறது என்பது. வரிப் பிரிவுக்கு எடுக்கப்பட்டவர் கூட்டுத் திட்டத்தில் சேர்ந்தாலும் அன்றாடம் அவர் பார்ப்பது வரிக் கோப்புகள் மட்டுமே. இருப்பாய்வுப் பட்டியலிலிருந்து கணக்கைக் கட்டி எழுப்பும் வேலை அவர் மேசைக்கு வராது. ஏசிஏ கேட்கும் நிதி அறிக்கைப் பாடத்தை அவர் புத்தகத்திலிருந்தே படித்து, புத்தகத்திலிருந்தே எழுதுவார். தேறியும்விடுவார். ஆனால் சரக்கிருப்பு மதிப்பீட்டில் வாடிக்கையாளர் எங்கே வளைக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. தணிக்கைக் குழுவோடு ஒரு பருவத்துக்கு அனுப்பி வைத்தால் இது தீரும். பல நிறுவனங்கள் இதைச் செய்யத் தயங்குகின்றன. ஒரு பிரிவின் செலவில் இருப்பவரை இன்னொரு பிரிவுக்கு இரவல் கொடுத்தால் இரு பிரிவுத் தலைவர்களுக்கும் கணக்கு இடிக்கும்.

தணிக்கையும் வரியும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இடையில் சுவர் எழும்பிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுநலன் சார்ந்த நிறுவனங்களைத் தணிக்கை செய்பவர் அதே நிறுவனத்துக்குப் பெரும்பாலான வரிச் சேவைகளைத் தரக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2016 ஜூனில் பிரிட்டனிலும் நடைமுறைக்கு வந்தது. தணிக்கையாளரின் நடுநிலைக்கு அது தேவைதான். ஆனால் முன்பெல்லாம் ஒரே வாடிக்கையாளரின் கணக்கையும் வரியையும் அடுத்தடுத்துப் பார்த்துக் கற்ற வாய்ப்பு பயிற்சி ஊழியருக்குக் குறைந்தது. அந்தக் குறையை வேறு எப்படி நிரப்புவது என்று யோசித்த நிறுவனங்கள் சில. மற்றவை பாடநூல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டன.

இன்னொரு மாற்றம் நமக்கு நெருக்கமானது. பிரிட்டனின் வரிப் படிவங்களும் கணக்கு வேலைகளும் இன்று சென்னை, பெங்களூரு, கொச்சி அலுவலகங்களில் தயாராகின்றன. நம் பிள்ளைகள் லண்டன் வாடிக்கையாளரின் மூலதனக் கழிவுகளைக் கணக்கிட்டு அனுப்ப, அங்கே ஒருவர் சரிபார்க்கிறார். அந்தச் சரிபார்ப்பவர் ஒரு காலத்தில் தானே நூறு படிவம் போட்டுப் பழகியவர். அடுத்த தலைமுறைச் சரிபார்ப்பவருக்கு அந்த நூறு படிவங்கள் கிடைக்கப்போவதில்லை. தான் செய்யாத வேலையைச் சரிபார்க்கும் கண் அவருக்கு எங்கிருந்து வரும்? மறுபக்கம், சென்னையில் அந்தப் படிவங்களைப் போடுபவருக்குக் கைவேலை இருக்கிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி ஒப்பந்தமும் தேர்வுக் கட்டணமும் தருவதற்கு எல்லா மையங்களும் முன்வருவதில்லை. அனுபவம் ஒரு நாட்டிலும் தகுதி இன்னொரு நாட்டிலும் சேர்கிறது. இரட்டைத் தகுதிப் பயிற்சியை இங்குள்ள ஊழியருக்கும் திறந்துவிட்டால் இரு பக்கக் குறையும் ஓரளவு தீரும் என்பது என் எண்ணம்.

பணத்துக்கு வருவோம். 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் 0.5 சதவீதத்தைத் தொழிற்பயிற்சி வரியாகக் கட்ட வேண்டும். கட்டிய பணத்தைத் தங்கள் ஊழியரின் பயிற்சிக்கே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதன்கீழ் ஏழாம் நிலையில் கணக்கியல் அல்லது வரிவிதிப்பு வல்லுநர் என்றொரு பயிற்சித் தரம் உண்டு. ஏசிஏ, சிடிஏ இரண்டுக்கும் அது வழி விட்டது. ஒருவருக்கு அதிகபட்சம் 21,000 பவுண்டு. கணக்கு நிறுவனங்கள் இதைப் பற்றிக்கொண்டன. பட்டதாரி ஊழியர்களை ஆண்டுதோறும் இதில் சேர்த்தன. அதற்கான நிபந்தனையாக வேலை நேரத்துக்குள்ளேயே படிப்புக்கென்று நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. 2022-இலிருந்து அதை வாரம் ஆறு மணி நேரம் என்ற அளவில் வகுத்தார்கள். எனக்குப் பிடித்த நிபந்தனை இதுதான். நிறுவனத்தின் நல்ல மனத்தை நம்பியிருந்த படிப்பு நேரம் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது.

2026 ஜனவரியிலிருந்து ஏழாம் நிலைப் பயிற்சிக்கான இந்த நிதி, தொடங்கும்போது 16 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று அரசு சுருக்கிவிட்டது. சில விதிவிலக்குகள் உண்டு. பள்ளிப் படிப்பு முடித்த இளையவர்களுக்குப் பணம் போக வேண்டும் என்பது அரசின் நியாயம். அந்த நோக்கத்தை மறுக்க மாட்டேன். ஆனால் பட்டம் பெற்று 22 வயதில் வேலைக்கு வருபவர், பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு 35 வயதில் தொழில் மாறி வருபவர் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். இனி அவர்களுக்கு நிறுவனம் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். சிறு நிறுவனங்களில் முதலில் வெட்டுப்படுவது இரண்டாவது தகுதிதான்.

நிறுவனம் கைப்பணம் போட்டால் அது கயிறும் கட்டும். படிப்பு முடிந்து இத்தனை ஆண்டுக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தம் பரவலாக உண்டு. நியாயமான அளவில் இருந்தால் அதில் தவறில்லை. தேர்வில் இருமுறை தவறினால் வேலையே போகும் என்ற விதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இரட்டைத் தகுதியில் தாள்கள் அதிகம், தவறும் வாய்ப்பும் அதிகம். தனித் தகுதிக்கு எழுதிய விதியை அப்படியே இதற்கும் பூட்டினால், நல்ல வரிக்காரரை ஒரு தணிக்கைத் தாளுக்காக இழப்போம். அழுத்தம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. தன் ஊழியர்கள் கணக்காளர் உரிமத்துக்கான தேர்வின் நெறிமுறைப் பகுதியில் காப்பியடித்ததற்காக 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் ஈஒய் கணக்கு நிறுவனத்துக்கு 10 கோடி டாலர் அபராதம் விதித்தது. நெறிமுறைத் தேர்விலேயே காப்பி! தேர்ச்சி எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் அலுவலகம் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

மற்ற நாடுகளையும் பார்க்கலாம். ஜெர்மனியில் வரி ஆலோசனை சட்டத்தால் காக்கப்பட்ட தொழில். அதற்கான எழுத்துத் தேர்வு மூன்று நாள், நாளுக்கு ஆறு மணி நேரம்; எழுதுபவர்களில் கணிசமானோர் தவறுவது அங்கே வழக்கம். அதில் தேறியவர் பின்பு தணிக்கையாளர் தேர்வு எழுத வந்தால் வரிச் சட்டப் பகுதியிலிருந்து விலக்குப் பெறுவார். இரண்டையும் கோக்க அவர்களுக்குத் தனித் திட்டம் தேவைப்படவில்லை. ஜப்பானில் கணக்காளர் தகுதி பெற்றவர் தனித் தேர்வின்றியே வரிக் கணக்காளராகப் பதியலாம். 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அப்படிப் பதிய வருபவர் வரிச் சட்டப் பயிற்சி பெற வேண்டும் என்றார்கள்.

இந்தியாவின் வழி முற்றிலும் வேறு. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த சிஏ தகுதி தொடக்கத்திலிருந்தே இரண்டையும் சேர்த்தது. இண்டர்மீடியட்டில் வரிக்கு ஒரு தாள். ஃபைனலில் நேர்முக வரிக்கு ஒன்று, மறைமுக வரிக்கு ஒன்று. ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் அலுவலகப் பயிற்சியில் சேர்ந்தவர் காலையில் வங்கிக் கணக்கைச் சரிபார்த்து, மாலையில் ஜிஎஸ்டி படிவம் போடுவார். ஊர்ப்புற ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் இந்தக் கலவை லண்டனின் பெரிய நிறுவனத்தில் பல லட்சம் செலவழித்தாலும் கிடைக்காது. நம்மிடம் இருக்கும் இந்தச் செல்வத்தை நாம் போதிய அளவு மதிப்பதில்லை.

2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது. இண்டர்மீடியட்டின் இரு குழுக்களையும் முடித்த பிறகே பயிற்சியில் சேரலாம். பயிற்சி முடிந்து ஆறு மாதம் படித்த பிறகே ஃபைனல் எழுதலாம். அதாவது வேலையையும் தேர்வையும் பிரித்துவிட்டார்கள். நாள்காட்டிச் சண்டை தீர்ந்தது; படிப்பு விடுப்புக்காகக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் காலையில் கோப்பில் பார்த்ததை இரவில் பாடநூலில் தேடும் அந்த உரசல் போய்விட்டது. பிரிட்டன் அந்த உரசலை வைத்துக்கொண்டு களைப்பையும் சேர்த்து வைத்திருக்கிறது. எது மேல் என்று கேட்டால், வாரத்துக்கு ஆறு மணி நேரத்தை உறுதியாகத் தரும் இடத்தில் பிரிட்டன் முறை மேல் என்பேன். தராத இடத்தில் நம் முறையே மேல்.

நம் முறையின் புண்ணையும் மறைக்கக் கூடாது. அலுவலகத்துக்கே வராமல் கையெழுத்து மட்டும் வாங்கும் டம்மி ஆர்ட்டிகிள்ஷிப் நெடுநாள் நோய். சில இடங்களில் மாணவர் இரண்டாண்டும் ஒரே வேலையைச் செய்வார்: டாலி மென்பொருளில் வவுச்சர் ஏற்றுவது. உதவித்தொகையும் சொற்பம். இந்தத் தகுதி ஒருவரைக் கணக்கிலும் வரியிலும் வல்லவராக்கும் என்று சட்டம் நம்புகிறது. பயிற்சி தரும் ஆடிட்டரான ஒரு பிரின்சிபால் அந்த நம்பிக்கையைக் காப்பார், இன்னொருவர் காற்றில் விடுவார். பிரிட்டனில் பயிற்சி நிறுவனத்தை நோக்கி நான் கேட்ட அதே கேள்விகள் இங்கும் பொருந்துகின்றன.

அப்படியானால் ஒரு நிறுவனம் என்ன செய்யலாம்? எல்லாரையும் கூட்டுத் திட்டத்தில் சேர்க்காமலிருப்பது முதல் வேலை. நிறுவன வரிக்குப் போகிறவருக்கும், குழும நிறுவனங்களின் வரிக் கணக்கைப் பார்க்கப்போகிறவருக்கும் இரண்டும் தேவை. தனிநபர் வரியிலேயே நிற்க விரும்புபவருக்கு வரித் தகுதி மட்டும் போதும். அவர் மேல் தணிக்கைப் பாடத்தை ஏற்றுவது வீண். சேர்ப்பவருக்கு முதல் ஆண்டை முழுக்கவும் கணக்கிலும் தணிக்கையிலும் கொடுக்க வேண்டும். வரி அதன் மேல் நிற்கட்டும். வெளிநாட்டு மையத்துக்குப் போகும் படிவங்களில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கென்றே பிடித்து வைக்க வேண்டும், செலவு கூடினாலும். மேலாளர் கோப்பைத் திருப்பி அனுப்பி விளக்கும் நேரத்தை நேரப் பட்டியலில் வேலையாகவே ஏற்க வேண்டும். இப்போது பெரும்பாலான இடங்களில் அந்த நேரம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால்தான் கற்றுத்தரும் மேலாளர் பதவி உயர்வில் பின்தங்குகிறார், கற்றுத்தராதவர் முந்துகிறார்.

பிரிட்டன் அரசு வரி ஆலோசகர்களுக்குக் கட்டாயப் பதிவு வரும் என்று 2024 இலையுதிர்கால பட்ஜெட்டில் அறிவித்தது. பலகை மாட்டியவரெல்லாம் ஆலோசகர் என்ற நிலை மாறும். பதிவு என்பது தகுதித் தேர்வு அல்ல. இருந்தாலும், கையெழுத்துப் போடுபவர் யார், அவருக்கு எங்கே என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்குவார்கள். 21 வயதைக் கடந்த பட்டதாரிகளுக்கான கட்டணத்தை யார் கட்டுவது என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நிறுவனங்கள், அந்தக் கேள்வியையும் அதே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.